இரண்டு டியூப் பசை

12 ஆகஸ்ட் 1974

வச்சலா இன்றும் மீன்கூடையைக் கொண்டுவந்து பட்டறை நடுவில்தான் இறக்கினாள். வெளியில் வை, வெளியில் வை என்று சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். அவள் போனதும் பினாயில் ஊற்றிக் கழுவினேன். சதுரங்கப்பட்டினம் கடைத்தெருவில் கத்திக்காரி சைதூன் வீடு என்று இருந்த பேர் போய், மீன்காரி வீடு என்று ஆகப்போகிறது.

என் புருஷன் ஜலாலுதீன் மௌத்தாகி, என்னைத் தனியாக விட்டுப் போய் இது மூன்றாவது வருஷம். என்னோடு உட்கார்ந்து பேசுகிறவள் இவள் ஒருத்திதான். அதை அவளிடம் சொல்லவா முடியும்? தலையில் ஏறிவிடுவாள்.

19 ஆகஸ்ட்

வச்சலா தன் புருஷன் காத்தவராயனை அழைத்து வந்தாள். கடலுக்குக் கொண்டுபோக அவனுக்கு ஒரு கத்தி வேண்டுமாம். இரும்பை எல்லப்பன் உலையில் அடித்துக் கொடுப்பான், பிடி என் வேலை. ஈரக் களிமண்ணை உருட்டி அவன் வலது கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். விரல் பதிந்த அந்த அச்சைப் பார்த்துத்தான் பூவரசங்கட்டையைச் செதுக்குவேன்.

அலமாரி முழுக்க இப்படி ஊரார் கைகள். ஜலாலுதீன் கையும் இருக்கிறது. தூசி தட்டுவேன், எடுக்க மாட்டேன்.

22 ஆகஸ்ட்

இனி அரக்கு வைத்துப் பிடி போடுவதில்லை. மழைக்கு ஒரு தரம் ஆடுகிறது, வெயிலுக்கு ஒரு தரம் இளகுகிறது, பேஜாரு. மாமல்லபுரத்தில் உடைந்த சிலைக்கு மூக்கு ஒட்டுகிற சுப்பிரமணி, இரண்டு டியூப் பசை வாங்கிக் கொடுத்தான். காத்தவராயன் கத்தியில், பிடிக்குள் போகிற வாலை அரத்தால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்தேன். இரண்டு டியூபையும் சரிபாதி பிதுக்கிக் குச்சியால் குழைத்து, பிடியின் துளையில் விட்டு, வாலைச் செருகிக் கட்டி வைத்திருக்கிறேன். ஒரு நாள் அசைக்கக் கூடாதாம். நாற்றம்தான் குடலைப் பிடுங்குகிறது.

24 ஆகஸ்ட்

வச்சலா எதிரில் பிடியைச் சுத்தியால் தட்டிக் காட்டினேன். அசைந்தால்தானே!

"இது இளகவே இளகாதாக்கா?"

உன் மாமியார் பல் விழுந்தாலும் இது விழாதடி என்றேன். சிரித்ததில் அவளுக்கு வெற்றிலைச் சாறு புரையேறிவிட்டது. தலையில் தட்டினேன். நல்ல நாள்.

4 செப்டம்பர்

நேற்று முழுக்க அவள் வரவில்லை. இன்று காலையில் அவள் மாமியார் ஆதியம்மாள் வந்தாள். இரும்பு ஒரு பக்கமும் பிடி ஒரு பக்கமுமாக என் வாசலில் விட்டெறிந்தாள்.

கடலில் வலைக் கயிறு காத்தவராயன் காலைச் சுற்றி இழுத்திருக்கிறது. அறுக்கப் போனபோது பிடி கழன்று, இரும்பு உள்ளங்கையில் இறங்கிவிட்டது. கூட இருந்தவன்தான் கயிற்றை அறுத்துக் காப்பாற்றியிருக்கிறான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்களாம். இனி இரண்டு விரல் மடங்காதாம். வலது கை.

"பச போட்டு எம் புள்ள கைய வாங்கிட்டியே. எம் மருமவ இனிமே இந்த வூட்ல கால வெக்க மாட்டா."

இரண்டையும் பொறுக்கி மூலையில் போட்டேன். என்ன செய்தேன்? ஒரு டியூபை அதிகமாகப் பிதுக்கிவிட்டேனா? சரியாகத் துடைக்கவில்லையா? யா அல்லா, அந்தப் பையன் கை—

11 செப்டம்பர்

தரை காய்ந்து கிடக்கிறது. பினாயில் பாட்டிலைத் தொடவே இல்லை.

15 செப்டம்பர்

பார்க்கப் பயந்து மூலையில் போட்டிருந்த அந்தக் கத்தியை இன்று எடுத்தேன். துளையின் வாயில் கட்டை கருகியிருக்கிறது. இரும்பில், பிடியை ஒட்டி, நீலம் பாய்ந்திருக்கிறது.

நெருப்பு!

அரக்குப் பிடி ஆடினால் மீனவக் குப்பத்தில் எல்லா வீட்டிலும் கத்தியை அடுப்புத் தணலில் காட்டுவார்கள். அரக்கு இளகும், தட்டி இறக்கினால் மறுபடி இறுகிவிடும். ஆடாவிட்டாலும், கடலுக்குக் கொடுத்தனுப்பும் முன் ஒரு தரம் காட்டிவிடுவார்கள். வச்சலாவும் காட்டியிருக்கிறாள். அவன் பத்திரமாகத் திரும்பி வரட்டும் என்றுதான் காட்டியிருப்பாள்.

விற்கப் பசை போட்டு வைத்திருந்த இன்னொரு கத்தியைத் தணலில் காட்டிப் பார்த்தேன். ஆறியதும் ஒட்டிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. கல்லில் இரண்டு தட்டு. பிடி தனியாகக் கையில் வந்துவிட்டது. சூடு பட்டால் இந்தப் பசை அரக்கு மாதிரி மறுபடி இறுகாது.

அடி பாவி, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நான்தான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? குப்பத்து அடுப்பு எனக்குத் தெரியாததா என்ன?

16 செப்டம்பர்

எல்லப்பனிடம் மட்டும் காட்டினேன். "பேரு நாறிகினு கீது, நீ இன்னா வேடிக்க பாக்கற? போய் சொல்லு" என்றான். இல்லாவிட்டால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதானாம். உண்மைதான். கத்தி வாங்குகிறவர்களில் பாதிப் பேர் குப்பத்துக்காரர்கள்.

20 செப்டம்பர்

குப்பத்துப் பஞ்சாயத்தில் கூப்பிட்டிருந்தார்கள். கருகிய பிடியை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். எடுத்துக் காட்டினால் போதும், என் மேல் குற்றமில்லை என்று ஆகிவிடும்.

வச்சலா மாமியாருக்குப் பின்னால் நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். தான் செய்தது என்ன என்று அவளுக்கே தெரியவில்லை, முகத்தில் தெரிந்தது. இதை நான் அவிழ்த்தால், புருஷன் கையை வாங்கியவள் என்று ஆயுசுக்கும் அவளைக் குத்துவார்கள். ஆதியம்மாள் அவளை விட்டுவைப்பாளா?

"பச கலக்கறதுல நான்தான் தப்பு பண்ட்டேன்" என்றேன்.

இனி குப்பத்தில் யாரும் என்னிடம் கத்தி வாங்கக் கூடாது என்று தலைவர் சொன்னார். வச்சலா என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்து சத்தம் போட்டு அழுதேன். நல்லவள் என்று பேர் எடுக்கவா அப்படிச் சொன்னேன்? எனக்கு அவள் வேண்டும். இப்போது அவளும் இல்லை.

2 நவம்பர்

மழை. பேச ஆளில்லாமல் கொல்லையில் கோழியோடு சண்டை போட்டேன்.

14 டிசம்பர்

கடப்பாக்கத்திலிருந்து மாரி என்று ஒருத்தி வந்து கத்தி வாங்கினாள். அவளும் மீன் விற்கிறவள்தான். தணலில் காட்டாதே, காட்டவே காட்டாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் உட்காரேன் என்றேன், பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டாள்.

9 ஜனவரி 1975

மதியம் கதவைத் தட்டினார்கள். வச்சலா. பின்னால் காத்தவராயன்.

சந்தையில் மாரியைப் பார்த்தாளாம். கத்தியைத் தணலில் காட்டாதே என்று நான் சொல்லி அனுப்பியதை மாரி சொன்னாளாம். தான் காட்டியது அப்போதுதான் உறைத்து, அந்த இடத்திலேயே கூடையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

"இவருகிட்ட சொல்லிட்டேன். அத்தகிட்டயும் சொல்லிட்டேன். அடிச்சிச்சி, அடிக்கட்டும்" என்றாள். அப்புறம் குரல் உடைந்தது. "தெரிஞ்சிகினே ஏங்க்கா சொல்லாம இருந்த?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

காத்தவராயன் இடது கையை நீட்டினான். "இதுக்கு ஒண்ணு போட்டுக் குடுக்கா. அந்தப் பசயே போடு."

களிமண்ணை உருட்டிக் கொடுத்தேன். பழக்கமில்லாத கை, அச்சு கோணலாக விழுந்தது. மறுபடி பிடி என்றேன். பிடித்தான்.

அதற்குள் வச்சலா கூடையைக் கொண்டுவந்து பட்டறை நடுவில் இறக்கிவிட்டாள். தரையெல்லாம் மீன் தண்ணீர். கழுவ வேண்டும். நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம்.