ஒரு சுரம் ஏற்றி

9-6-1952
குழந்தை சாலாவுக்குப் பல் முளைக்கிறது. மடியை விட்டு இறங்கவில்லை. ஆனாலும் கீரனூர் சங்கீத சபைக்குப் போய்வந்தேன். பழைய பாண்டுக்காரர்கள் விட்டுப்போன இசைத்தாள்கள், வயலின், கிளாரினெட் பாடங்கள் - நான்கு பீரோ. வகை பிரித்து அடுக்குவது என் வேலை. "பல்லு முளைக்கிறது பிள்ளைக்கு, காயிதத்துக்கு இல்லை" என்றாள் என் மாமியார் தெய்வானை ஆச்சி. நான் நல்ல தாய்தானா?

12-6
தலையில் இடி. மதராஸ் வித்வான் வந்து, தாள்களைத் தம் வயலினில் வாசித்துப் பார்த்தார். ஒரே கீர்த்தனை, வயலின் தாள் ஒரு சுருதி, கிளாரினெட் தாள் வேறு சுருதி. "எழுதினவனுக்குக் காதே இல்லை, அத்தனையும் தப்பு" என்றுவிட்டார். காரியதரிசி அண்ணாமலை, "ஞாயித்துக்கிழமை பழைய பேப்பர் வண்டியை வரச் சொல்லுங்க, எடம் காலியாகட்டும்" என்றார்.

13-6
தப்பு என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். இது எல்லாக் கிளாரினெட் தாளிலும் ஒரே அளவு, சரியாக ஒரு சுரம் ஏறி நிற்கிறது.

அடி மண்டு! அந்தக் கிளாரினெட் குழலில் எழுதியதைவிட ஒரு சுரம் தாழ்ந்துதான் கேட்கும். அதனால்தான் ஏற்றி எழுதுவார்கள். கல்லூரி பாண்டில் பார்த்திருக்கிறேனே! குழலின் தாளை அவர் வயலினில் வாசித்திருக்கிறார்.

நான் நினைப்பது தப்பாகிவிட்டால்?

14-6
இவுகளிடம், என் வீட்டுக்காரரிடம், சொன்னேன். "அப்ப ஊதிக் காமிச்சிர வேண்டியதுதானே! திருச்சியிலேர்ந்து அய்யாக்கண்ணுவைக் கூட்டியாரேன்." போலீஸ் பாண்டில் கிளாரினெட் ஊதும் சிநேகிதர். முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார்கள்.

15-6, ஞாயிறு
வாசலில் பேப்பர் வண்டி. ஏற்றுமுன் ஒரே ஒரு கீர்த்தனை கேட்கும்படி சபையாரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் வித்வான். நான் வயலின் எடுத்தேன். அவசரத்தில் வில் வழுக்கிக் கீச்சிட்டது. "எலியை மிதிச்ச மாதிரி இருக்கே" என்றார் அண்ணாமலை. எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு அய்யாக்கண்ணு அவர் தாளைப் பார்த்து ஊத, நான் என் தாளைப் பார்த்து வாசிக்க - சங்கராபரணம் - ஒரே சுருதி! பிசிறே இல்லை! பல்லவி திரும்பும்போது வித்வான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் எழுந்து, "குழலை ஊதச் சொல்லிக் கேட்காமப் பேசிட்டேன் அம்மா. தப்பு என்னுது" என்றார்.

சாலாவை இடுப்பில் வைத்திருந்த ஆச்சி வண்டிக்காரனைப் பார்த்து, "என்னப்பா நிக்கிறே? அங்கிட்டுத் திருப்பு வண்டியை! எம் மருமக அடுக்கி வச்சதை எவன் தொடுறான்னு பாக்குறேன்" என்றாள். என் கண் நிறைந்துவிட்டது.

2-8-1952
அறை வாசலில் பலகை மாட்டியாயிற்று: இசைத்தாள் காப்பகம். வித்வான் தம் மாணவிகள் மூவரைத் தாள் படிக்க அனுப்பியிருக்கிறார். ஒருத்தி "டீச்சர்" என்று கூப்பிட்டாள். யாரை என்று யோசிக்காமல் உடனே திரும்பினேன்.