பள்ளத்தில் நட்ட கொம்பு

திசையன்விளை
3.2.2025

அன்புள்ள மஞ்சுளா அக்காவுக்கு,

செல்வி எழுதுவது. நானும் பாப்பாவும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். போனில் உங்கள் குரலைக் கேட்டாலே அழுகை முந்திக்கொண்டு வருகிறது, அதனால்தான் காகிதம். உங்கள் வீட்டு மாடியில் நாலு வருஷம் குடியிருந்தேன். வாடகைக்கு வந்தவள் என்று ஒருநாளும் நீங்கள் பிரித்துப் பார்த்ததில்லை. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்.

ஊராட்சிமேல் நஷ்டஈடு வழக்கு போட்டோம் அல்லவா, அவர்கள் பதில் மனு போட்டுவிட்டார்கள். கால்வாய்க்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு வைத்திருந்தார்களாம், எச்சரிக்கைப் பலகை இருந்ததாம், என் வீட்டுக்காரர்தான் கண்மண் தெரியாத வேகத்தில் வந்து விழுந்தாராம். வயிறு எரிகிறது அக்கா. அங்கே இருந்ததெல்லாம் நீங்கள் நட்டு வைத்த வேலிக்காத்தான் முள்கொம்பும் அதில் கட்டிய சிவப்புத் துணியும்தான். தினமும் அதைப் பார்த்துத்தான் வண்டியை ஒதுக்குவார். அந்தத் திங்கட்கிழமை கம்பெனியில் ஓ.டி. முடித்து ஆறரை மணிக்கு வரும்போது மழைத்தண்ணீர் ரோடு மட்டத்துக்கு நின்றிருக்கிறது. கொம்பைக் காணோம். எந்தப் பாவி பிடுங்கினானோ.

பள்ளம் திறந்து கிடப்பது ஊராட்சிக்கு முன்பே தெரியும் என்று காட்டினால் அவர்களால் தப்ப முடியாது என்கிறார் வக்கீல் அம்மா. விபத்துக்கு முன்னாலேயே நீங்கள் மனு கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வந்தீர்களே, அந்த நகல் வேண்டும். கோர்ட்டுக்கு வந்து ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்கார அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
செல்வி

எல்லப்பன்கண்டிகை, ஒரகடம் வழி
21.2.2025

என் அன்புத் தங்கை செல்விக்கு,

உன் கடிதம் கண்டேன். இவ்வளவு நாள் கழித்துத்தான் அக்கா ஞாபகம் வந்ததா? மாடியை இன்னும் யாருக்கும் விடவில்லை. பாப்பாவுக்கு முறுக்கு சுட்டு பார்சலில் போட்டிருக்கிறேன், நொறுங்காமல் வந்ததா என்று எழுது.

நீ கேட்ட நகலைத் தேடுகிறேன். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது எங்கே போட்டேனோ தெரியவில்லை. உன் அண்ணனுக்கும் உடம்பு முன்னைப்போல் இல்லை. கோர்ட்டு என்றாலே, "நம்மளுக்கு இன்னாத்துக்கு மே அந்த வம்பு?" என்று எழுந்து போய்விடுகிறார். நீயும் யோசி. ஊராட்சியோடு மல்லுக்கட்டி யார் ஜெயித்தார்கள்? போன உயிர் திரும்பி வருமா?

அன்புடன்,
மஞ்சுளா

திசையன்விளை
12.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

முறுக்கு வந்தது. நகல் வரவில்லை.

போன உயிர் திரும்பாது என்று நீங்களா எனக்குச் சொல்ல வேண்டும்? அன்றைக்கு அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தவர் நீங்கள். நான் கேட்பது உயிரை இல்லை, அவர்மேல் போட்ட பழியை எடுக்கச் சொல்லி. பெற்ற தகப்பன், என் மாமனாரே, "கவருமெண்டே எழுதிருக்குல்லா, பய வேகமாத்தான் போயிருப்பான்" என்கிறார். நாளைக்குப் பாப்பாவும் அதையே நம்பி வளர வேண்டுமா?

நகல் காணாமல் போயிருந்தால் போகட்டும். நீங்கள் வந்து சொன்னால் போதும்.

செல்வி

எல்லப்பன்கண்டிகை
5.5.2025

செல்விக்கு,

இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு. உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கோர்ட்டில் நீ பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது.

நகல் தொலையவில்லை. ஜூலை 29 அன்று நான் கொடுத்த மனு அது. முத்திரையோடு பீரோவில் இருக்கிறது. பள்ளம் இருபத்து மூன்று நாள் திறந்து கிடந்தது. தடுப்பும் இல்லை, பலகையும் இல்லை.

கொம்பைப் பிடுங்கியது உன் அண்ணன்தான். ஞாயிற்றுக்கிழமை ஆடித் திருவிழாவுக்கு அம்மன் வண்டி அந்த வழியாக வந்தது. "சாமி வர்ற வழியில முள்ளு இன்னாத்துக்கு மே? ஊர்வலம் போனதும் நட்டுக்கலாம்" என்று பிடுங்கி ஓரமாகப் போட்டார். கூழ் ஊற்றுகிற அமர்க்களத்தில் மறந்துவிட்டார். நானும் மறந்தேன். மறுநாள்தான் மழை.

போன மாதம் ஊராட்சித் தலைவருடைய ஆள் டைப் அடித்த தாளோடு வந்தான். "கொம்ப புடுங்கினது உன் வூட்டுக்காரன்னு ஊரே பாத்துது. கையெழுத்துப் போடலன்னா கேஸு அவர் மேல திரும்பும்" என்றான். தடுப்பு இருந்தது, இசக்கியப்பன் வேகமாக வந்தார் என்று அதில் எழுதியிருந்தது. போட்டுவிட்டேன் செல்வி. ஐம்பத்தெட்டு வயதில் அவர் கோர்ட்டு படி ஏறுவதை என்னால் பார்க்க முடியாது. உனக்கும் ஒரு புருஷன் இருந்தான், உனக்குப் புரியும்.

மஞ்சுளா

திசையன்விளை
16.5.2025

மஞ்சுளா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

கொம்பை எடுத்தது கன்னியப்பன் அண்ணன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒருநாள் அழுதிருப்பேன், இரண்டு நாள் திட்டியிருப்பேன். அதோடு போயிருக்கும். பள்ளம் தோண்டியது ஊராட்சி. மனு கொடுத்தும் மூடாமல் விட்டது ஊராட்சி. அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்யாததால்தானே நீங்கள் முள்ளை வெட்டி நட்டீர்கள்? மறந்தவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் வேகமாக வந்தார் என்று கையெழுத்துப் போட்டீர்களே. வண்டியில் நாற்பதைத் தாண்டத் தெரியாதவர் அவர். "இன்னாபா, மாட்டு வண்டி வந்து சேந்துச்சா?" என்று வாசலில் நின்று அவரைக் கேலி செய்தவர் நீங்கள். உங்கள் புருஷனைக் காப்பாற்ற என் புருஷனை இன்னொரு தடவை அந்தப் பள்ளத்தில் தள்ளியிருக்கிறீர்கள். இதில் எனக்கு என்ன புரிய வேண்டும்?

கிழிக்கச் சொன்னீர்கள். நான் கிழிக்கவில்லை. பஸ் ஏறி வந்து ஸ்ரீபெரும்புதூரில் வக்கீல் அம்மாவிடம் கொடுத்தேன். மனு கொடுத்த தேதி, பள்ளம் கிடந்த நாள், கையெழுத்து வாங்கிய விதம் எல்லாம் உங்கள் கையெழுத்திலேயே இருப்பதால் நகலைவிட இது பெரிது என்றார். இதைத் தாக்கல் செய்தால் கொம்பை எடுத்தவரும் பதில் சொல்ல வேண்டி வரும், ஒரே வீட்டில் பழகியவர்கள், ஊருக்குப் போய் நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

யோசிக்க ஒன்றுமில்லை, இன்றைக்கே கொடுத்துவிடுங்கள் என்றேன்.

இப்படிக்கு,
இசக்கியப்பன் மனைவி
செல்வலட்சுமி