கோடு தெரியாத சவரக்கத்தி

1971, நவம்பர் 9
சாணைக்கடை முராமட்சுவிடம் தீட்டக் கொடுத்த சவரக்கத்தி திரும்பி வந்தது. பட்டறை முத்திரை அதேதான், ஆனால் அந்த முத்திரை சான்ஜோ ஊரில் நூறு கத்திகளில் இருக்கும். பிடியில் சுற்றிய பிரம்பு புதிது. கன்னத்தில் வைத்தால் கடிக்கிறது. இருபத்தாறு வருடம் என் கையோடு பழகிய கத்தி கடிக்குமா?

21ஆம் தேதி சிகுசாவுக்குக் கல்யாணம். மணப்பெண்ணின் பிடரியை மழித்து வெள்ளைப் பூச்சு பூசுவது எங்கள் வழக்கம். மகளின் பிடரியை நானே மழிப்பேன் என்று அவளுக்குப் பத்து வயதில் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 10
என் சவரக்கடைக்கு வந்த ஹோஷினோ பெரியவரின் காதடியில் கீறிவிட்டேன். "என்னம்மா, என் ரத்தம் இன்னும் சிவப்பாத்தான் இருக்கான்னு பாக்குறியா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிகுசாவின் பிடரியில் இப்படி ஆனால்? வெள்ளைப் பூச்சுக்குள் ரத்தம் கசியுமே.

நவம்பர் 13
ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் கத்தி மெல்லிரும்போடு எஃகைக் காய்ச்சி அடித்து ஒட்டியது. இரண்டும் சேருமிடத்தில் ஒரு கோடு ஓடும். பிடிக்குப் பக்கத்தில் அது அரிசியளவு வளையும். கையால் அடித்தது, இன்னொரு கத்தியில் அதே வளைவு வராது. இதில் கோடே இல்லை. கண்ணாடி மாதிரி ஒரே பளபளப்பு. எந்திரத்தில் வெட்டிய மலிவுக் கத்தி!

முராமட்சு மாற்றிவிட்டான். அடப்பாவி, உன்னை நம்பித்தானே கொடுத்தேன்?

நவம்பர் 14
தூக்கமில்லை.

நவம்பர் 16
அவன் கடைக்கே போய்ச் சண்டை பிடித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு, அதனால் அவனும் விடவில்லை. "கினுயே, கொஞ்சம் மூச்சு விடு! கல்யாணத்துக்குன்னு நானே ஆசையா மெருகு போட்டு, புதுப் பிரம்பு சுத்தினேன். அது குத்தமா?"

கல்லில் தண்ணீர் தெளித்து நாலு இழுப்பு இழுத்தான். துடைத்தான். இரும்பு மங்கியது, எஃகு மட்டும் மின்னியது. நடுவே கோடு. பிடிக்குப் பக்கத்தில் அந்த வளைவு.

தேநீர் கொடுத்தான். கிண்ணத்தைத் தட்டில் திரும்ப வைக்கப் போனேன் — கடகடவென்று சத்தம். இரண்டு பேரும் என் கையையே பார்த்தோம்.

"எத்தனை நாளா?" என்றான். கத்தியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 17
கோடையிலிருந்து. இதோ, எழுதிவிட்டேன்.

நவம்பர் 19
எதிர்வரிசை யசுயோவின் சவரக்கடைக்குப் போனேன். பதினோரு வருடமாக முகம் கொடுத்துப் பேசியதில்லை. எவ்வளவு வெட்கமாக இருந்தது! கை நடுங்குவதைச் சொல்லி, சிகுசாவுக்கு அவளே மழித்துவிட வேண்டும் என்றேன். எல்லாம் கேட்டுவிட்டு, "உன் கத்தியவே கொண்டா. உன் பொண்ணுக்கு அதுதான் படணும்" என்றாள். வாசல்வரை வந்து, "வாய் மட்டும் நடுங்கக் காணோமே" என்று ஒரு குத்தும் குத்தினாள்.

நவம்பர் 20
சிகுசாவிடம் சொன்னேன். "தெரியும்மா. ஆகஸ்ட்லயே சூப்பைச் சிந்தினியே. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

நவம்பர் 21
யசுயோ மழித்தாள். நான் சிகுசாவின் தலையைப் பிடித்துக்கொண்டேன். கை நடுங்கியது, எடுக்கப் போனேன். "எடுக்காதம்மா" என்றாள் சிகுசா.

ஒரு கீறல்கூட இல்லை. கத்தி என்னுடையதுதான்.