கரடிப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

பிப்ரவரி 4

மேசையில் இருபது புத்தகங்கள். உட்கார முடியவில்லை. நாற்காலியை மூன்று முறை இடம் மாற்றிவிட்டேன்.

புத்தகத் தேர்வுக் குழுவில் என்னைக் கோத்துவிட்டது பெரிய சார். தலைமையாசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. ஆள் என் தோள் உயரம்தான். பருவநிலை மாற்றத்தைப் பற்றிக் குழந்தைகளுக்கு வந்திருக்கும் கதைப் புத்தகங்களை என் நான்காம் வகுப்பில் படித்துக் காட்டி, எது தேறும், எது தேறாது என்று அறிக்கை எழுத வேண்டும். தேறுவது சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போகும்.

ஆறு புரட்டியாகிவிட்டது. ஒன்றில் பூமி அழுகிறது. இன்னொன்றிலும் பூமிதான் அழுகிறது. மூன்றாவதில் மேகம். அக்கா எட்டிப் பார்த்து, இதைப் படித்தால் பிள்ளைகள் திருந்துமா, தேம்புமா என்று கேட்டுவிட்டு மருந்துக்கடைக்குக் கிளம்பிவிட்டாள். அவளுக்கென்ன, சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை.

பிப்ரவரி 6

கிடைத்துவிட்டது!

ஒரு பனிக்கரடி ஒரு சிறுமிக்குக் கடிதம் எழுதுகிறது. காலடியில் பனி குறைந்துகொண்டே வருகிறதாம், நீந்தி நீந்திக் கை ஓய்ந்துவிட்டதாம். சிரிப்பும் உண்டு. சிறுமி அனுப்பும் பழைய செருப்பைக் கரடி தின்று பார்த்து, உப்பு பத்தவில்லை என்று பதில் போடுகிறது. கடைசிப் பக்கத்தில் அது நம்மை நேராகப் பார்க்கிறது. "நீ அணைக்கும் ஒவ்வொரு ஸ்விட்சும் எனக்கு ஒரு பிடி பனி. நீ நினைத்தால் என்னைக் காப்பாற்றலாம்."

முப்பத்திரண்டு பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு கேட்டார்கள். முடித்ததும் ரெட்டைச்சடை கையைத் தூக்கினாள். முதல் வரிசைக்காரி. கொடுத்த வீட்டுப்பாடத்தோடு கொடுக்காததையும் சேர்த்துச் செய்துகொண்டு வருகிறவள்.

"நெஜமாவா டீச்சர்?"

நிஜம்தான் என்றேன். வேறு என்ன சொல்வது?

பிப்ரவரி 9

நேற்று முழுக்க உட்கார்ந்து ஒரு தாள் தயாரித்தேன். பத்துக் கட்டங்கள். விளக்கை அணைத்தேன், குழாயை மூடினேன், நடந்து வந்தேன், இப்படி. தினமும் நிரப்பிக் கொண்டுவந்தால் சுவரில் இருக்கும் அட்டையில் அவரவர் பெயருக்கு நேரே நட்சத்திரம். பத்துக்குப் பத்து என்றால் தங்க நட்சத்திரம்.

வகுப்பே தலைகால் புரியாமல் ஆடுகிறது. நானும்தான்.

பிப்ரவரி 17

ரெட்டைச்சடைக்கு இன்றும் தங்கம். தாளின் அடியில் அவளாகவே ஒரு கட்டம் வரைந்து, "பெரிய ஸ்விட்ச்" என்று எழுதி டிக் போட்டிருக்கிறாள். ஆகா என்று வகுப்பு முன்னால் நிற்க வைத்துக் கை தட்டச் சொன்னேன். இன்னொரு நட்சத்திரம் ஒட்டினேன்.

பிப்ரவரி 20

குழுக் கூட்டம். குழுத் தலைவி என் தாளை எல்லோருக்கும் காட்டினார். புத்தகத்தோடு இதையும் அச்சடித்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்பலாம் என்கிறார். தாளின் கீழே என் பெயர் வருமாம். பெரிய சார் அரை அங்குலம் வளர்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் நாலு தடவை சொன்னேன். ஐந்தாவது தடவை அவள் வானொலியைத் திருகிவிட்டாள்.

அப்புறமும் ஏனோ நிலைகொள்ளவில்லை. சந்தோஷம் என்றால் இப்படியா இருக்கும்?

மார்ச் 3

வெயில் மண்டையைப் பிளக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே பின்னம் சொல்லிக்கொடுத்தேன். எனக்கே புரியவில்லை.

மதியம் ரெட்டைச்சடையை அழைத்துப்போக அவள் அம்மா வந்தாள். சலவை நிலையத்தில் வேலை செய்கிறவள். அந்த மேலங்கியோடே ஓடி வந்திருந்தாள். அப்பா பேக்கரியில் அடுப்பு முன்னால் மயங்கி விழுந்துவிட்டாராம். சர்க்கரை நோய்க்காரர், இரண்டு வேளை ஊசி. பிள்ளை பையைக்கூட எடுக்காமல் போனாள்.

மார்ச் 5

இரண்டு நாளாக அவள் வரவில்லை. அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்வி.

மார்ச் 6

எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் வந்தாள். தாள் இல்லை. பரவாயில்லை கண்ணு என்றேன். தலையைத் தூக்கவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். மருத்துவர் ஊசி அளவைக் கூட்டிவிட்டார், நேற்றுப் புது மருந்து வாங்கினோம் என்று மட்டும் சொன்னாள். மணி அடித்து எல்லோரும் போன பிறகும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பெரிய ஸ்விட்ச் ஃப்ரிட்ஜ் டீச்சர்."

எனக்கு விளங்கவில்லை.

"எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்க. நான்தான் கடைசியா பூட்டிட்டு வருவேன். வீட்டுல யாருமே இல்லாதப்ப அது மட்டும் சும்மா ஓடிட்டே இருந்துச்சு. அதான் அணைச்சிட்டு வருவேன். சாயங்காலம் போய்ப் போட்டுடுவேன்."

அப்பாவின் இன்சுலின் ஊசி மருந்து ஃப்ரிட்ஜ் கதவில்தான் இருக்கும், குளிர் இல்லாவிட்டால் கெட்டுப்போகும். மூன்று வாரம். இந்த வெயிலில்.

பால் புளிக்கிறது என்று அம்மா மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் வந்தது ஞாயிற்றுக்கிழமை. அன்று ஃப்ரிட்ஜ் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, அவரும் நல்லாத்தான் இருக்கு என்று போய்விட்டார். அப்பா மயங்கி விழுந்ததற்கு அப்பாவையேதான் எல்லோரும் திட்டுகிறார்களாம். ஊசியை ஒழுங்காகப் போடுவதில்லை, பேக்கரியில் கண்டதைத் தின்கிறார் என்று. அவர் போட்டேன் போட்டேன் என்று சொல்லிச் சொல்லி, இப்போது பேசுவதையே விட்டுவிட்டாராம்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க டீச்சர்."

சொல்ல மாட்டேன் என்றேன். அந்த நிமிஷம் அப்படித்தான் வாயில் வந்தது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். இனிமேல் ஃப்ரிட்ஜ் ஓடும், பிள்ளை பயந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.

"டாக்டர் எதுக்கு அளவைக் கூட்டினார்? பழைய மருந்து வேலை செய்யலன்னு. அது ஏன் வேலை செய்யலன்னு அவருக்குத் தெரியாது. இப்ப நல்ல மருந்தை அந்த அளவுல போட்டா சர்க்கரை அடியோட இறங்கிடும்டி. நட."

ஓடினோம். நாலு தெரு. நான் பத்து வருஷமாக ஓடியதில்லை.

கதவைத் திறந்தது ரெட்டைச்சடைதான். என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கு– எழுத முடியவில்லை. உள்ளே அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, பேச்சு குழறியது. ஊசி போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. இது பலவீனம், படுத்தால் சரியாகிவிடும் என்று அம்மா தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அக்கா யாரையும் எதுவும் கேட்கவில்லை. சர்க்கரை டப்பா எங்கே என்றாள், கரைத்தாள், தானே பிடித்துக் குடிக்க வைத்தாள். மருத்துவருக்குப் போன் போட்டாள். அரை மணி நேரத்தில் அப்பாவின் கண் தெளிந்தது.

அதற்குப் பிறகு நான் சொன்னேன், எல்லாவற்றையும். கரடி, தாள், நட்சத்திரம், வகுப்பு முன்னால் கை தட்டச் சொன்னது. தப்பு என்னுடையது, பிள்ளையை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றேன். அம்மா தலையணையைக் கீழே வைத்தாள்.

"உலகத்தைக் காப்பாத்த என் பொண்ணுதான் கெடைச்சாளா உங்களுக்கு?"

அப்பா மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "நல்லவேளை, நான் ஊசி போட்டேன்னு இப்பவாவது நம்புறாங்க" என்று சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. நாங்கள் கிளம்பும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 7

மருத்துவர் பழைய அளவுக்கே போகச் சொல்லிவிட்டார். அக்கா காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஆள் நன்றாக இருக்கிறாராம்.

கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். என்ன ஸ்விட்ச் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கேட்கவில்லை. கை தட்டுகிற அவசரம்.

மார்ச் 9

நட்சத்திர அட்டையைக் கழற்றிவிட்டேன். ஏன் என்று வகுப்பு கேட்டது. அவளைப் பற்றிச் சொல்லாமல், பூமியைக் காப்பாற்றுவது உங்கள் வேலை இல்லை, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன்.

மூக்குக்கண்ணாடிப் பையன் எழுந்தான். அப்போது யார் வேலை என்றான். பெரியவர்கள் வேலை என்றேன்.

"நீங்க செய்றீங்களா டீச்சர்?"

மணி அடித்தது. அந்த மணிக்கு நான் நன்றி சொன்னேன். என்ன ஜன்மம் நான்.

மார்ச் 10

வகுப்புக்குள் நுழைந்ததும் அவனுக்குப் பதில் சொன்னேன். கொஞ்சம் செய்கிறேன், போதாது, என்னைவிடப் பெரிய இடத்தில் இருக்கிறவர்கள் செய்ய வேண்டியது மலையளவு இருக்கிறது, அவர்களும் செய்வதில்லை என்று. சரி என்று உட்கார்ந்துவிட்டான்.

ரெட்டைச்சடை மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்கிறாள். பதில் தெரியும், எனக்கு நன்றாகத் தெரியும் அவளுக்குத் தெரியும் என்று. சொல்வதில்லை. வீட்டுப்பாடத்தில் கூடுதலாக எதையும் செய்வதில்லை, ஓரத்தில் பூப் போடுவதில்லை. எது செய்தாலும் யாருக்காவது கெடுதல் வந்துவிடும் என்று பயந்தே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது பிள்ளை. இதை நான் செய்தேன். அறிக்கை எழுதி, சபாஷ் வாங்கி, நான்தான் செய்தேன்.

மார்ச் 13

கூட்டம். அச்சுக்குப் போகத் தாள் தயார். மூலையில் என் பெயர், பக்கத்தில் ஒரு கரடிக்குட்டிப் படம்கூடப் போட்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

எழுந்து நின்று சொன்னேன். ஒரு வீட்டில் என்ன நடந்தது என்று, யார் என்று சொல்லாமல். தாளும் வேண்டாம், கரடியின் கடைசிப் பக்கமும் வேண்டாம் என்றேன். ஒரு குழந்தை செய்ததற்காக இத்தனை பள்ளிகளுக்கும் இதை நிறுத்துவதா என்றார் குழுத் தலைவி. கெட்டவர் இல்லை, அவருக்கும் அவசரம். பெரிய சார் என் புடவை நுனியைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார். நான் தாளைத் தலைவி பக்கம் தள்ளினேன்.

"அந்தக் கரடி ஏன் நமக்கு லெட்டர் போடல மேடம்? ஒன்பது வயசுப் பிள்ளைக்குத்தான் போடணுமா? நம்மால முடியாததை அவங்க தலையில கட்டிட்டு, நட்சத்திரம் கொடுத்து ஏமாத்துறோம்."

தேநீர் ஆறிப்போனது.

மார்ச் 20

கடிதம் வந்தது. தாள் கைவிடப்பட்டது. கரடிப் புத்தகம் போகும், கடைசிப் பக்கத்தோடேயே. ஆனால் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது இது தனிக் குழந்தைகளின் பொறுப்பு அல்ல என்று ஆசிரியர் சொல்ல வேண்டும் என ஒரு குறிப்பு சேர்ப்பார்களாம். எத்தனை ஆசிரியர் குறிப்பைப் படிக்கிறார்கள்? நான் படித்ததே இல்லை.

மிச்சம் உள்ள பதின்மூன்று புத்தகங்களையும் நானே பார்த்து முடிக்க வேண்டுமாம். இது தண்டனையா, நம்பிக்கையா என்று அக்காவைக் கேட்டேன். இரண்டுக்கும் ஒரே அளவுதான், சாப்பிட்ட பிறகு எடுத்துக்கொள் என்றாள்.

மார்ச் 24

தெருவில் அவள் அம்மாவைப் பார்த்தேன். நின்றாள். அவர் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார் என்றாள். பிள்ளைதான் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்கிறது, ஓடுகிறதா என்று, பூட்டிவிட்டுப் போனவள் பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறாள் என்றாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 27

ஒன்பதாவது புத்தகம். அதில் காற்று அழுகிறது. படிக்காமல் மூடி வைத்தேன்.

மார்ச் 30

அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு அதைச் சொல்லாமல் இருந்திருக்க முடியாது, ஆனால் உன்னிடம் முதலிலேயே அப்படி வாக்குக் கொடுத்திருக்கக் கூடாது என்றேன். நீ செய்ததில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நான் நிஜம் என்று சொன்னதை நீ நம்பினாய், அவ்வளவுதான் என்றேன்.

கேட்டுக்கொண்டாள். போகலாமா டீச்சர் என்றாள். போ என்றேன்.

ஏப்ரல் 1

அவள் இன்னும் மூன்றாவது வரிசையில்தான்.

ஏப்ரல் 7

பதினோராவது புத்தகம். ஒரு வெள்ள நாளில் படகில் பள்ளிக்கூடம் நடத்துகிற கதை. யாரும் அழவில்லை, நல்ல படங்கள், எனக்குப் பிடித்திருந்தது. ஆசையாகப் படித்துக்கொண்டிருந்தேன். பாதியில் மூன்றாவது வரிசையில் சலசலப்பு. யாரது பேச்சு என்றேன், அடங்கியது. இரண்டு பக்கம் போனதும் மறுபடி. இந்த முறை நிமிர்ந்து பார்த்தேன். ரெட்டைச்சடை பக்கத்துப் பெண்ணின் காதில் என்னவோ சொல்ல, இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கின.

எழுந்து நில் என்றேன். அப்படி என்ன பேச்சு, எல்லோருக்கும் சொல் என்று அதட்டினேன். வழக்கமான அதட்டல்; யாரை அதட்டுகிறோம் என்று அந்த நேரம் எனக்கு உறைக்கவில்லை. எழுந்தாள். ஜன்னலைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இந்தக் கதையில சொல்றதை நான் நம்பல டீச்சர். படகு அந்த ஆட்டம் ஆடுறப்ப யாராவது பெருக்கல் வாய்ப்பாடு சொல்வாங்களா? எல்லாரும் வாந்திதான் எடுப்பாங்க."

வகுப்பே சிரித்தது. அவளும்.

உட்காரச் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழிக்க அங்கே ஒன்றும் இல்லை. இருந்தாலும் ரொம்ப நேரம் அழித்தேன்.