மாடிப்படியில் ஒரு பிராசஸர்

மே 4, சனி

பரீட்சை முடிந்து மூன்று நாள். மூளையைக் கழற்றி அலமாரியில் வைத்தாகிவிட்டது. இனி வேறு மூளை வாங்குகிற வேலை.

கேபினெட், கிராஃபிக்ஸ் கார்டு, ராம் எல்லாம் போன வருடத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்ந்து என் கட்டிலுக்கு அடியில் குடித்தனம் நடத்துகின்றன. மிச்சம் இரண்டே இரண்டு: பிராசஸர், மதர்போர்டு. அப்பா இன்று சம்மதித்துவிட்டார். "ரெண்டையும் நீயே பாத்து எடு. ஆனா ஒரு தடவைதான். அது சரியில்ல, இத மாத்தணும்னு வந்த, நான் லிஃப்டுக்குள்ள போய் கதவைச் சாத்திக்குவேன்."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவருடைய மிரட்டல் எல்லாம் மேலே போய்க் கீழே வந்துவிடும், பயமில்லை.

அம்மாவுக்குத்தான் புரியவைக்க முடியவில்லை. "மதர்போர்டுன்னா என்ன?" என்றார். "எல்லாத்தையும் இணைக்கிறது, யார் என்ன பண்ணணும்னு சொல்றது, அது இல்லைன்னா ஒண்ணும் நடக்காது" என்றேன். "அதான் வீட்ல ஒண்ணு இருக்கே, அது போதாதா?" என்று அம்மா கேட்டதும் அப்பா காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். இந்த வீட்டில் எனக்கு வாலு என்று பெயர். அந்த வாலுத்தனத்துக்கு வேர் எங்கே இருக்கிறது என்று யாரும் தேடுவதில்லை.

மே 5, ஞாயிறு

ஸ்லோமோவிடம் யோசனை கேட்கப் போனேன். மேல்மாடியில் இருக்கிறாள், என் வகுப்புதான். ஜோக் சொன்னால் பத்து நொடி கழித்துச் சிரிப்பாள், அதனால் அந்தப் பெயர். ஆனால் கணினி விஷயத்தில் அவள் சொன்னால் சரியாக இருக்கும். எரிச்சலே அதுதான்.

தன் பழைய கணினியில் ஒரு அனிமேஷன் படம் செய்துகொண்டிருக்கிறாள். பஸ்ஸில் மறந்துவிட்டுப்போன ஒரு குடை, தானாகவே பஸ் மாறி மாறித் தன் வீட்டைத் தேடிப் போகிறது. எல்லாம் கணினியிலேயே ஒவ்வொன்றாகக் கையால் வரைவது. ஜூன் பதினைந்துக்குள் போட்டிக்கு அனுப்ப வேண்டுமாம். நான் போனபோது குடை இரண்டாவது பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது. அழகாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

எனக்குப் பிடித்த ஜோடியைக் காட்டினேன். இந்த மாதம்தான் வந்த எட்டு கோர் பிராசஸர். எட்டு மூளை! கூடவே விலை குறைந்த, வெள்ளை வெளேரென்று விளக்கெல்லாம் வைத்த போர்டு.

ஸ்லோமோ ரொம்ப நேரம் பார்த்தாள். "பிராசஸர் சரி. போர்டு வேண்டாம்."

"ஏன்டி? அழகா இல்ல?"

"இந்த போர்டு செஞ்சப்ப உன் பிராசஸர் பொறக்கவே இல்ல. போர்டுக்கு அதை அடையாளமே தெரியாது. போர்டுக்குள்ள இருக்கிற புரோகிராமைப் புதுசாக்கினாதான் தெரியும். பின்பக்கம் அதுக்கு ஒரு பட்டன் இருக்கிற போர்டா பாத்து வாங்கு. பென் டிரைவைச் சொருகி அழுத்தினா போதும்."

"பாத்த ரெண்டு நிமிஷத்துல பழகிடும்டி. என்னை மாதிரி."

ஒரு பட்டனுக்காக விளக்கை விடுவதா? யாராவது செய்வார்களா?

மே 7, செவ்வாய்

இன்றைய சாதனை. ஸ்லோமோ குளிக்கப் போயிருந்த பதினைந்து நிமிடத்தில் அவள் கணினியில் ஒரு நீலத் திரை செய்து வைத்தேன். எப்போது ஆன் செய்தாலும் அதுதான் முதலில் முழுத் திரைக்கும் வரும். "கடுமையான கோளாறு. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவவும்." அடியில் பொடி எழுத்தில்: "இப்படிக்கு, உன் மவுஸ்."

போன் வரும் என்று காத்திருக்கிறேன். நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

மே 8, புதன்

அவள் பொடி எழுத்தைப் படிக்கவில்லை.

மேலே இருந்ததைப் படித்திருக்கிறாள். இரண்டு முறை ஆன் செய்து பார்த்திருக்கிறாள். பிறகு, ஸ்லோமோ அல்லவா, சொன்னதை ஒழுங்காகச் செய்திருக்கிறாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவியிருக்கிறாள்.

நான்தான் போன் செய்தேன். எடுத்தவுடன் சிரித்தேன் — தெரியாமல்! அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்போதும், கடவுளே, அது சிரிப்பு என்றுதான் நினைத்தேன். "நானூத்திப் பன்னண்டு படம்" என்றாள். வைத்துவிட்டாள்.

பென் டிரைவில் முதல் நூறு இருக்கிறதாம். மற்றதெல்லாம் போச்சு. குடை இரண்டாவது பஸ்ஸில் ஏறவே இல்லை.

அழி என்று எழுதியது யார்? நான். கணினி இல்லை, வைரஸ் இல்லை, நான்.

மே 9, வியாழன்

மாடிக்குப் போனேன். அவள் அம்மா கதவைப் பாதி திறந்து, "தூங்குறாம்மா" என்றார். காலை பதினொரு மணி.

மே 11, சனி

வாங்கியாகிவிட்டது. அந்த பிராசஸர், அந்த வெள்ளை போர்டு. பட்டன் இல்லாததுதான். ஏன் அதையே எடுத்தேன்? அவள் சொன்னதைக் கேட்டால் அவள் ஞாபகம் வரும் என்பதாலா? கேட்காததாலும் வருகிறது.

"ரெண்டும் சேருமாண்ணா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். "ஒரே சாக்கெட்மா, கச்சிதமா உக்காரும்" என்றார்.

உட்கார்ந்தது. கச்சிதமாக. அப்பாவும் நானும் மதியம் முழுக்கத் தரையில் கிடந்து பூட்டினோம். அப்பா ஒவ்வொரு திருகையும் முடுக்கிவிட்டு, எடை தாங்குமா என்று ஆட்டிப் பார்த்தார். "எத்தனை பேர் ஏறுவாங்க இதுல?" "ஒருத்திதான்பா."

ஆன் செய்தோம். விசிறிகள் சுற்றின. விளக்குகள் சிவப்பு, நீலம், ஊதா என்று ஆடின. திரை மட்டும் இருட்டு. போர்டின் ஓரத்தில், அந்த அலங்காரத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு முறைத்தது. பிராசஸரைத் தெரியவில்லை என்று அர்த்தம்.

"மோட்டார் ஓடுது, லிஃப்ட் நகரல" என்றார் அப்பா. லிஃப்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை.

மே 12, ஞாயிறு

கடைக்காரர் ஸ்லோமோ சொன்னதையே சொன்னார், எழுத்து மாறாமல். பட்டன் இல்லாததால், இதே சாக்கெட்டில் உட்காருகிற பழைய பிராசஸர் ஒன்றைப் போட்டு ஆன் செய்து, புரோகிராமைப் புதுசாக்கி, பிறகு இதைப் போட வேண்டுமாம். பத்து நிமிட வேலை. "ஆனா பழசு எல்லாம் வித்துருச்சும்மா. கம்பெனிக்குத்தான் அனுப்பணும். சனிக்கிழமை கொடுங்க. இருபது நாள் ஆகும். தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது பழசு இருக்கா?"

இருக்கிறது. என் தலைக்கு மேலே, சரியாக ஒரு மாடி உயரத்தில்.

மே 13, திங்கள்

இப்போது போய் மன்னிப்புக் கேட்டால் அதற்குப் பெயர் மன்னிப்பா, வாடகை முன்பணமா?

நேற்றே போயிருக்கலாம். அதற்கு முந்தாநாளும். கதவு பாதி திறந்ததும் ஓடி வந்துவிட்டு, தேவை வந்தவுடன் திரும்பிப் போனால் அவள் என்ன நினைப்பாள்? நானாக இருந்தால் என்ன நினைப்பேன்? செருப்பாலேயே அடிப்பேன்.

மே 14, செவ்வாய்

காலையில் கடைக்குப் போன் செய்து, சனிக்கிழமை போர்டைக் கொண்டுவந்து கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மாடி ஏறினேன்.

ஸ்லோமோவே கதவைத் திறந்தாள்.

"எதுக்கு வந்த?"

"சாரி சொல்ல."

"சொல்லு."

"சாரி."

"ம்."

மனப்பாடம் செய்து கொண்டுபோன நான்கு வரியும் காணாமல் போய்விட்டன. ஒரு ஜோக்காவது வர வேண்டுமே? வரவில்லை. "நான் சிரிச்சேன்ல, போன்ல" என்றேன். "அதுக்கும் சாரி. அதுக்குத்தான் ரொம்ப சாரி."

அவள் கதவுப் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வரைய வராதுடி. ஆனா கோடு தாண்டாம கலர் அடிப்பேன். நீ வரைஞ்சு தா, நான் அடிக்கிறேன். எவ்வளவு இருந்தாலும்."

பத்து நொடி. இருபது நொடி. அவள் விஷயத்தில் கணக்குப் போடவே முடியாது.

"முந்நூத்திப் பன்னண்டு இருக்கு" என்றாள். "செருப்பைக் கழட்டிட்டு வா."

மே 16, வியாழன்

பஸ் ஜன்னல்கள் இன்று மட்டும் நாற்பத்தாறு. இவள் படத்தில் ஏன் யாரும் சைக்கிளில் போவதில்லை?

இன்னும் அதிகம் பேசவில்லை. "கொஞ்சம் கம்மியா நீலம்." "சரி." இவ்வளவுதான். ஆனால் மாலையில் இரண்டு டம்ளரில் எலுமிச்சைச் சாறு வந்தது. என்னுடையதில் உப்பு போட்டிருக்கிறாளோ என்று முகர்ந்து பார்த்தேன். சர்க்கரைதான். வெட்கமாக இருந்தது.

மே 17, வெள்ளி

அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே. படியில் ஸ்லோமோவைப் பார்த்து, "நாளைக்கு போர்டு கம்பெனிக்குப் போகுதும்மா. வாலு ஒரு வாரமா வெறும் விளக்கைத்தான் பாத்துட்டிருக்கா" என்று கொட்டிவிட்டார்.

நான் அவள் மேஜையில் மூன்றாவது பஸ்ஸுக்குச் சக்கரம் பூசிக்கொண்டிருந்தேன். வந்து நின்றாள்.

"என்கிட்ட பழைய பிராசஸர் இருக்குன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா அதுக்குத்தான் சாரி சொன்னேன்னு நினைப்ப."

யோசித்தாள். "நினைச்சிருப்பேன்" என்றாள். பிறகு திருப்புளியை எடுத்து, என் சக்கரம் திரையில் இருக்கும்போதே, "சேவ் பண்ணு" என்றாள்.

தன் கணினியைத் திறந்து, விசிறியைத் தூக்கி, மூளையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். தபால்தலை மாதிரி இருந்தது. அடியில் முடி முடியாகப் பொன்னிறக் கம்பிகள். ஒன்று வளைந்தாலும் அவள் கணினி அவ்வளவுதான், குடை அவ்வளவுதான்.

"நீயே எடுத்துட்டு வா" என்று முன்னால் இறங்கிவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இருபத்திரண்டு படி. கல்யாணப் பெண் மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கினேன். எதிரே வந்த தண்ணீர் கேன்காரர் என்னைப் பார்த்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அவள் பழைய மூளை என் புது போர்டில் உட்கார்ந்ததும் திரை வெளிச்சமானது. பென் டிரைவைச் சொருகினாள். நடுவில் கரண்ட் நின்றால் போர்டு செத்துவிடும். "நீ சுவிட்சுகிட்ட நில்லு, யாரும் தொடாம பாத்துக்க" என்றாள். என்னை! சுவிட்சுக்குக் காவலாக! பத்து நிமிடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மூக்கு அரித்தது, சொறியவில்லை.

பிறகு என் பிராசஸரைப் போட்டோம். சிவப்பு விளக்கு வரவில்லை.

மே 19, ஞாயிறு

காலையிலிருந்து விளையாட்டு. புல்லின் ஒவ்வொரு இதழும் தனித்தனியாக அசைகிறது. என் குதிரையின் கழுத்து முடியை எண்ணலாம். எதிரி எங்கே இருக்கிறான் என்பதை மறந்து புல்லைப் பார்த்ததில் ஏழு முறை செத்தேன். ஆனந்தமான சாவு.

மூன்று மணிக்கு மாடி. கலர்.

ஜூன் 9, ஞாயிறு

முந்நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் படமாக்க அவள் கணினி ஒரு முழு நாளுக்கு மேல் கேட்டது. என்னுடையது மூன்று மணி நேரம் என்றது. கோப்புகளை எடுத்துக்கொண்டு அவள் கீழே வந்தாள். என் எட்டு மூளையும் குடைக்கு வேலை பார்க்க, நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கேம் விளையாடலையா?" என்று அம்மா எட்டிப் பார்த்தார்.

"சீட் இல்லம்மா. குடை உக்காந்திருக்கு."

ஜூன் 14, வெள்ளி

குடை போட்டிக்குப் போய்விட்டது. அனுப்புகிற பட்டனை நான் அழுத்தட்டுமா என்று கேட்டேன். "ஆசைதான்" என்றாள்.

கடைசியாக ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று என் அறையில் உட்கார்ந்திருந்தாள். நான் அம்மாவுக்குப் பால் வாங்கப் போய்வந்தேன். திரும்பி வந்தபோது அவள் கிளம்பிவிட்டிருந்தாள்.

விளையாடலாம் என்று கணினியை ஆன் செய்தால், திரை முழுக்கத் தலைகீழ். குதிரைக்குக் கால் மேலே, வானம் கீழே. மவுஸை வலதுபக்கம் தள்ளினால் அம்பு இடதுபக்கம் ஓடுகிறது.

முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் மேல்மாடியிலிருந்து தரையில் யாரோ இரண்டு காலாலும் குதிக்கிற சத்தம் கேட்டது.

சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. செய்யவில்லை. மானிட்டரைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பி, இரண்டு நோட்டுப் புத்தகத்தை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறேன். அதில்தான் இப்போது விளையாடிக்கொண்டிருக்கிறேன்.