மிஸ்யூ ரொபேரும் இலக்கத் துண்டும்

2005 நவம்பர் 3, வியாழன்
மழை, ஓரத்தில் கொஞ்சம் பனி. எங்கள் பகுதி செயின்ட்-மிஷேலுக்குக் குளிர் வந்துவிட்டது. எங்கள் கட்டடத்தில் ஹீட்டர் பழுது. மூன்று வாரம். வீட்டுச் சொந்தக்காரர்: "பார்ட் வருகுது." எங்கிருந்து என்று சொல்லவில்லை.

மேல்மாடி வசந்தி, பிறந்து இருபதே நாளான பிள்ளையோடு. "பிள்ளைக்கு இருமல் அண்ணன். ரொபேர் ஐயாட்டச் சொன்னீங்களா?"

சொன்னேன். ரொபேர் ஐயா, பிரெஞ்சில் மிஸ்யூ ரொபேர், எங்கள் பகுதி நகரசபை உறுப்பினர், இருபது வருடமாக. முன்பு தையல் தொழிற்சாலையில் தொழிற்சங்கக்காரர். கட்சிக்குப் பெயர் நீளம். நாங்கள் தொழிற்கட்சி என்கிறோம், அவரும் திருத்துவதில்லை. நகரசபையின் வீட்டு இன்ஸ்பெக்டரை அனுப்பச் சொல்லி மனுப் போட்டிருக்கிறார். ஞாயிறு தேர்தல்.

நவ. 4, வெள்ளி
வேலை: வாழ்த்துமடல். எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் சிவபாதம் அண்ணை கேட்டது. வெற்றி விழாவில் வாசித்து ரொபேரின் கையில் கொடுக்க.

சாதனைகள்:
1. தொழிற்சாலை வாசலில் பஸ் தரிப்பிடம்.
2. பூங்காவுக்கு வெளிச்சம்.
3. நகரசபை கவுண்டரில் வரிசைக்கு இலக்கத் துண்டு தரும் மெஷின்.

மூன்றாவதில் சிரித்துவிட்டேன். இருபது வருட அரசியலின் நினைவுச்சின்னம்: சிவப்பு நிறம், சோப்புப் பெட்டி அளவு. அதற்கு முன் உள்ளே ஆள் தெரிந்தவர்களுக்குத்தான் கவுண்டர் என்று அவரே ஒருமுறை சொன்னார். "வரிசைக்கு நீதி தந்த வள்ளல்" என்று எழுதிக் கடைசியில் வைத்தேன். தலைவருக்குக் கண் கலங்கியது.

நவ. 5, சனி
லாண்டரிக் கடை. சனிக்கிழமைகளில் ரொபேர் குறை கேட்பது அங்கேதான். தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நான் மொழிபெயர்ப்பு. வசந்தி: "நாளைக்கு ஐயா தோத்தா?" மொழிபெயர்க்கத் தயங்கினேன். முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியது. "தோற்றாலும் திங்கட்கிழமை குளிரத்தானே போகிறது" என்றார்.

தலைவர் மடலுக்குப் பிரேம் போட்டாயிற்று.
"இன்னும் வோட்டே போடேல்லையே அண்ணை?"
"தேர்தலுக்குப் பேந்து பிரேம் கடைக்காரன் லீவாம் ஐசே."

நவ. 6, ஞாயிறு
தோற்றார், ஒரு பெண்ணிடம். கொஞ்ச வாக்கில்தான். எப்படியும் வெல்லுவார் என்று நம்பி எங்கள் ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இப்படியும் ஒரு மரியாதை.

நவ. 7, திங்கள்
உறைபனி. தலைவர் போன். "மடல் வீணாப் போகப்படாது. வெண்ட பொம்பிளையின்ர பேரை ஒட்டுவம். மிச்சமெல்லாம் பொருந்தும்."
"பஸ் தரிப்பிடம்?"
"அதுக்கென்ன, வைப்பாதானே."
கோபப்படப் பார்த்தேன். அதற்குள் மேல்மாடியில் சத்தம். பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது. ஆஸ்பத்திரி. மருந்து. சூடான இடத்தில் வைத்திருக்கச் சொன்னார்களாம். பிறகு அதே குளிர் வீடு.

நவ. 8, செவ்வாய்
காலை எட்டரை, நகரசபை அலுவலகம். வசந்தி, பிள்ளை, நான். வாசலில் ரொபேர், கையில் எங்கள் மனுவின் பிரதி. இனி அவருக்கு இதில் என்ன வேலை?

மெஷினில் அவரே துண்டு இழுத்தார். 61. ஓடுவது 38. கவுண்டரில் இருந்த பெண் எழுந்து நின்று, "மிஸ்யூ ரொபேர், நீங்கள் இங்கே வாருங்கள்" என்று கைகாட்டினாள். அவர் தலையசைத்து மறுத்தார்.

வசந்தி என் கையைக் கிள்ளினாள். "போகச் சொல்லுங்க அண்ணன்! பிள்ளை இருமுது!"

நான் வாய் திறக்குமுன் அவர் தொப்பியைக் கழற்றினார். முதல் வரிசையில் தொடங்கி ஒவ்வொருவரிடமும் குனிந்து கேட்டார்: கைக்குழந்தைக்காரி ஒருத்தி, யாராவது துண்டு மாற்றுவீர்களா? தேர்தலுக்கு வோட்டுக் கேட்ட அதே குரல். ஐந்தாவது ஆள், ஹெய்ட்டிக்காரர், வயதானவர், தன் 39ஐக் கொடுத்து 61ஐ வாங்கிக்கொண்டார்.

வசந்தி கவுண்டருக்குப் போனாள். நான் மொழிபெயர்த்தேன். இன்ஸ்பெக்டர் இன்று இரண்டு மணிக்கு. எழுத்தில்.

"வாருங்கள், போவோம்" என்றேன். ரொபேர் எழும்பவில்லை. ஹெய்ட்டிக்காரர் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டாராம், படிவம் நிரப்ப வேண்டுமாம். 61 வரும்வரை ரொபேர் கூட இருந்து நிரப்பிக் கொடுப்பாராம்.

பஸ் தரிப்பிடத்திலிருந்து தலைவருக்குப் போன். பேர் மாற்றக்கூடாது. வரிசை பற்றிய கடைசி வரியை முதல் வரியாக்க வேணும். 'வள்ளல்' வேண்டாம், என்ன செய்தார் என்று மட்டும்.

"பிரேம் போட்டாச்சு ஐசே!"

"உடையுங்கோ."