கையெழுத்துப் போட முடியாத மூன்று வரிகள்

என் வாயாடி மகளுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் ஏதோ நலம்தான், நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதுதான் தினமும் கவலை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் மாத்திரையைப் போடாமலே போட்டுவிட்டேன் என்கிறார், அவரோடு மல்லுக்கு நிற்கவே எனக்குப் பொழுது சரியாக இருக்கிறது. தம்பி புது வேலைக்குப் போய் வருகிறான், இருமல்தான் விடமாட்டேன் என்கிறது.

கலைக்களஞ்சியத்துக்காக நீ எழுதிய மேடத்தின் வாழ்க்கைக் குறிப்பு வந்தது, இரண்டு முறை படித்தேன். அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் கண்ணாடிச் சாமான் கழுவியவள் என்ற உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. படிப்பு, பரிசு, வருடம் எல்லாம் சரி. ஆனால் வீட்டையும் பிள்ளைகளையும் எப்படிக் கவனித்தார்கள் என்று ஒன்பது வரி, நாற்றங்காலில் பயிரை அழிக்கிற நாற்றழுகல் நோய்க்கு மருந்து கண்டுபிடித்ததற்கு நாலே வரியா? பக்கத்து அறை ஆண் விஞ்ஞானியைப் பற்றி எழுதினால் அவர் வீட்டில் சமைத்தது யார் என்று கேட்பாயா என்ன? அப்புறம் மென்மையான குணம் என்று வேறு போட்டிருக்கிறாய், அடேயப்பா! குழாய் ஒழுகுகிறதென்று அவர்கள் போட்ட சத்தத்தில் சரிசெய்ய வந்த ஆள் பையை விட்டுவிட்டு ஓடினார்.

அதெல்லாம் கிடக்கட்டும், திருத்திக்கொள்ளலாம். என்னை உறுத்துவது கடைசியில் உள்ள மூன்று வரி. நடுவில் வட்டமாகப் பூஞ்சை வளராமல் விட்டிருந்த, மருந்துக்கு வழிகாட்டிய அந்தக் கண்ணாடித் தட்டை முதலில் கவனித்தது உதவியாளர்தான், கழுவாமல் எடுத்துப்போய் மேடத்திடம் காட்டினார் என்று என் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறாய். கலைக்களஞ்சியக் கட்டுரைகளுக்குத் தரம் போடுகிற குழு அதற்கு ஆதாரம் கேட்கிறது, நடந்தது உண்மை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் முதல் தரம் கிடைத்துவிடும் என்கிறாய். நாலு நாளாகப் பேனாவை எடுக்கிறேன், வைக்கிறேன், கை வரவில்லை.

ஏனென்றால் அப்படி நடக்கவே இல்லை, கண்ணு. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, உங்கம்மா அங்க பாத்திரம் தேய்க்கிறவங்கதானே என்று எவளோ கேட்டாளென்று விக்கி விக்கி அழுதுகொண்டு வந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை, அந்தத் தட்டை முதலில் பார்த்தது நான்தான் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அந்தத் தட்டை வெந்நீர்த் தொட்டியில் போடப் போனதே நான்தான். மேடம்தான் பாய்ந்து வந்து பிடுங்கினார்கள், வெந்நீர் தெறித்து அவர்கள் கை கொப்புளித்துவிட்டது. குழாய்க்கு அத்தனை சத்தம் போட்டவர்கள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திங்கட்கிழமை மனசு கேட்காமல் அவர்கள் வீட்டுக்கே போனேன். தேதிகளைச் சரிபார்க்கச் சொல்லி குழு அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறது, மேசைமேல் கிடந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், படிச்சேன், அதனால என்ன இப்போ, பொண்ணு ஆசையா எழுதியிருக்கா, இருந்துட்டுப் போகட்டும், நீ கையெழுத்துப் போட்டுக் குடு என்றார்கள். எண்பத்தொரு வயதில், தான் பார்த்ததைத் தூக்கி எனக்குக் கொடுக்கிறார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அதனால் அந்த வரிகளை எடுத்துவிடு. தரம் குறையலாம், அடுத்த கட்டுரையை உனக்குத் தராமல் போகலாம், அதுவும் எனக்குக் கவலைதான். அதைவிட, இத்தனை வருடமாக என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாயே, இனி என்ன நினைப்பாயோ என்றுதான் பயம். திட்டுவதாக இருந்தால் ஃபோன் செய்தே திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

நீ எங்கே இருந்தாலும் குறையில்லாமல், தலை நிமிர்ந்து இரு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. குழு கேட்ட ஆதாரத்தைக் கீழே எழுதியிருக்கிறேன், கிழித்து அப்படியே கொடுத்துவிடு.

முதலில் பார்த்தது மேடம். கழுவப் போனது நான்.

இப்படிக்கு,
உன் அம்மா